ஆதாரம் கிடைக்கும்வரை நிறுத்திவைக்கப்பட்ட முத்தம்

கடலூர் புதுப்பாளையத்தில் லோகநாயகியின் வீட்டைக் கேட்டால் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "காதுல மிஷின மாட்டிக்கிட்டு ராஜாக்களோட பேசுமே, அந்த அம்மாவா?" என்று கேட்டுவிட்டு, வாசல்வரை கூடவே வந்து விட்டுப் போவார்கள். கூட வருவது உபகாரத்துக்கு இல்லை. வந்தவர் யார், எதற்கு வந்தார் என்று தெரிந்துகொள்ளாமல் திரும்பினால் எங்கள் தெருவில் யாருக்கும் சோறு இறங்காது.

மிஷின் என்பது பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சு ஹெட்போன். லோகநாயகி வயசுக் காலத்தில் வெளியூருக்கு டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டராக இருந்தவள். பழைய போர்டைக் கழற்றிப் போட்ட அன்று, அதே இலாகாவில் லைன்மேனாக இருந்த அவள் புருஷன் லூர்துசாமி, ஒயரை வெட்டி இந்த ஹெட்போனை மட்டும் கொண்டுவந்து கொடுத்தான். அதைக் காதில் மாட்டினால்தான் அவளுக்கு எழுத்து வரும். அறுந்த ஒயர் இடுப்பில் செருகியிருக்கும். பாட்டுக் கேட்கிறாள் என்றுதான் முதலில் தெரு நினைத்தது. எதிர்வீட்டு ரேகா ஒருநாள் சர்க்கரை கேட்கிற சாக்கில் உள்ளே போய், ஒயரின் முனையைத் தேடிப் பார்த்து, அது எதிலும் மாட்டியிருக்கவில்லை என்று கண்டுபிடித்தாள். சர்க்கரையை மறந்துவிட்டு வந்தாள். சாயங்காலத்துக்குள் கடைசி வீட்டுக்குச் சேதி போய்விட்டது.

அவள் எழுதுவது சரித்திரக் காதல் நாவல். சோழன், பாண்டியன், குதிரை, நிலா எல்லாம் இருக்கும். ஆனால் உற்றுப் படித்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அவளுடைய இளவரசிகளும் இளவரசர்களும் எத்தனை ஆசையாகப் பேசினாலும் மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசமாட்டார்கள். அதற்குள் ஒரு காவலாளியோ தோழியோ வந்து "நேரமாயிற்று" என்று சொல்லிவிடுவார்கள். டிரங்க் காலில் மூன்று நிமிஷம் ஆனதும் லைனில் புகுந்து "டைம் ஆச்சு சார், எக்ஸ்டெண்ட் பண்ணணுமா?" என்று கேட்டுக் கேட்டு வந்த பழக்கம். காதலர்கள் பேசும் பேச்சும் அந்த லைனில் வந்ததுதான். நெய்வேலி என்ஜினீயர் ஒருத்தர் திருச்சிப் பெண்ணிடம் சொன்னதைப் பாண்டியன் ஒருத்தன் சொல்லுவான். ஆனால் எந்த என்ஜினீயர், எந்தப் பெண் என்று அவள் வாயிலிருந்து இதுவரை ஒருத்தரும் வாங்கியதில்லை. நாங்கள் முயற்சி செய்யாமல் இல்லை.

"வார்த்தை எல்லாருக்கும் பொதுடி. பேரு அவுங்கவுங்களுது," என்பாள். ஆபரேட்டர் வேலைக்குச் சேரும்போது எடுத்த சத்தியமாம். வேலையே போய், எக்ஸ்சேஞ்சே போய், சத்தியத்தை மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள்.

போன மழைக்காலத்தில் லூர்துசாமி, மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனவன், மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அவ்வளவுதான். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு லோகநாயகியே காபி போட்டுக் கொடுத்தாள். அழவில்லை. தெருவுக்கு அதில் கொஞ்சம் மனவருத்தம். அழாத வீட்டில் எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருக்க முடியும்?

பிறகு காது டாக்டரிடம் போனாள். டாக்டர் குழலை விட்டுப் பார்த்துவிட்டு, காது நன்றாக இருக்கிறது என்றார்.

"கேக்குது டாக்டர். உள்ள போய்ச் சேரல, அவ்ளோதான்."

அதற்கு மாத்திரை இல்லை. வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டி ஒரு நாவல் எழுதினாள். பெயர் 'மழைமாடத்து மங்கை'. கொள்ளிடக் கரையில் ஒரு காவல் கோபுரம். உச்சியில் வெள்ளம் பார்க்கும் வீரன். கீழே அறையில், அவன் சொல்வதைக் கேட்டு ஊருக்கு முரசு அடிக்கச் சொல்லும் இளவரசி. இரண்டு பேருக்கும் நடுவில் நீளமாக ஒரு மூங்கில் குழாய். "வெள்ளம் முழங்கால்," "வெள்ளம் இடுப்பு" என்று மேலேயிருந்து சேதி வரும். ஒரு மழை அந்தியில் வெள்ளத்துக்குப் பதிலாகக் குழாய் வழியே ஒரு முத்தம் வருகிறது. இளவரசி என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கமாகச் சொல்வதையே சொல்லிவிடுகிறாள்: "சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொல்லவும்."

அவன் மறுபடி சொன்னான். கதை அதோடு முடிந்தது.

இது எங்கே நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். வடலூர்ப் பக்கம் கம்பத்தின் மேலே உட்கார்ந்து, லைன் சரியாகிவிட்டதா என்று எக்ஸ்சேஞ்சுக்கு டெஸ்ட் போன் போட்ட லூர்துசாமி, மழையில் நனைந்துகொண்டே செய்த வேலை அது. ஆபரேட்டர் லோகநாயகி விதிப்படி "திரும்பச் சொல்லுங்க" என்றாள். பக்கத்து போர்டு பெண் கேட்டுவிட்டாள். அப்புறம் கல்யாணம். அவள் வாழ்க்கையில் உள்ளே போய்ச் சேர்ந்த சத்தம் அது ஒன்றுதான் என்று சொல்லலாம். அந்த முத்தம் நூலக அலமாரியில் ஏறவேண்டும், அவ்வளவே அவள் ஆசை. ஏனென்றால் லூர்துசாமி அவள் நாவலை வீட்டில் படிக்கவே மாட்டான். நூலகத்துக்குப் போய், பேப்பர் படிக்கிற பெஞ்சில் உட்கார்ந்துதான் படிப்பான். "வூட்டுல படிச்சா நீ எழுதுனதுன்னு தெரிஞ்சிடுது. அங்க படிச்சாத்தான் யாரோ பெரிய ரைட்டர் எழுதுன மாதிரி இருக்கு," என்பான்.

நாவல் முடிந்தபின் ஹெட்போனை மாட்டினால் ஒன்றும் வரவில்லை. வெறும் காது.

*

சிதம்பரத்தில் அச்சகம் வைத்திருக்கும் சபேஷ்தான் அவள் புத்தகங்களைப் போடுபவன். அவன் போன் செய்தான்.

"அக்கா, இனிமே சரித்திர நாவலுக்கு மன்றத்து முத்திர வேணுமாம். அது இல்லாம லைப்ரரில எடுக்கமாட்டாங்க."

"எந்த மன்றம்?"

"பேரு பெருசுக்கா. போர்டப் பார்த்தாத்தான் எனக்கே சொல்ல வரும்."

போர்டு அண்ணாமலை நகரில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. 'தொல்வரலாற்றுப் புதினச் சான்றாய்வு, செம்மையாக்க மற்றும் முத்திரை வழங்கு மன்றம்' என்று எழுதுவதற்குக் கட்டடத்தின் அகலம் போதாமல், 'மன்றம்' மட்டும் மூலை திரும்பிப் பக்கத்துச் சந்தில் இருந்தது. சந்து வழியாக வருபவர்களுக்கு அது வெறும் மன்றம்.

உள்ளே மூன்று பேர். தலைவர் பேராசிரியர் செந்தமிழ்செல்வன். உணர்ச்சித் துணைக்குழுவின் முனைவர் தமிழ்ச்செல்வி. பெருமூச்சில் பட்டம் வாங்கியவர். உறுப்பினர் செயலாளர் ஆனந்தநடராஜன். மெலிந்த உடம்பு, மேலே நீறு, சட்டைப் பையில் பச்சை மைப் பேனா. பச்சை மையில் எழுதும் அதிகாரம் மன்றத்தில் அவர் ஒருத்தருக்குத்தான். தண்ணீர் கேட்டு ஒரு துண்டுச் சீட்டு எழுதினாலும் கீழே சுருக்கொப்பமும் தேதியும் போடாமல் விடமாட்டார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும். கீழ வீதியில் அவர் வீடு. மனைவி அன்னபூரணி உள்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பல வருஷம். தட்டில் சாப்பாடு மட்டும் கதவிடுக்கு வழியாக வெளியே வரும். காலித் தட்டு உள்ளே போகும். பேச்சு கிடையாது. "என் மேல உங்களுக்குப் பிரியம் இருக்கா?" என்று அந்த அம்மாள் ஒருநாள் கேட்டாளாம். இவர், "இல்லேங்கறதுக்கு உங்கிட்ட என்ன ஆதாரம் இருக்கு?" என்று கேட்டாராம். கதவு அப்போது சாத்தியது. சிதம்பரத்தில் எங்களுக்கும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், சேதி வந்துவிடும்.

விசாரணை, விண்ணப்பதாரர் தலைவருக்குப் பொன்னாடை போர்த்துவதில் தொடங்கியது. லோகநாயகி கொண்டுவரவில்லை. "பரவால்லம்மா, ஆபீஸ்லயே இருக்கு," என்று ஆனந்தநடராஜன் பீரோவைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். போர்த்தினாள். கைதட்டினார்கள். தலைவர் அதை மடித்துத் திரும்பவும் பீரோவில் வைக்கச் சொல்லிவிட்டுப் பேசினார்.

"அம்மா, இந்த மன்றத்தின் நேர்மை பற்றி உங்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது. நான் தலைவரான நாளிலிருந்து ஒரு நாவல்கூடப் படித்ததில்லை. படித்தால் பாரபட்சம் வந்துவிடும். எனக்கு முன்னால் இருந்தவர் படித்தார். சிலது பிடித்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். உடனே மாற்றினோம்."

லோகநாயகி தலையாட்டினாள். அவளுக்குக் கேட்டது, உள்ளே போகவில்லை. அந்த வகையில் மன்றத்துக்கு அவளைவிடப் பொருத்தமான விண்ணப்பதாரர் கிடைத்திருக்கமாட்டார்.

முதல் நாள் மிளகாய் போயிற்று. இளவரசி குழம்பில் மிளகாய் கிள்ளிப் போட்டிருந்தாள். அந்தக் காலத்தில் மிளகாய் இந்த நாட்டுக்கு வரவில்லை என்றார்கள். நியாயம்தான் என்று மிளகாக்கினாள். அடுத்து நிலா போயிற்று. கதை நடக்கும் நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்ததில் அன்று அமாவாசையாம்.

"கத எந்த வருஷம்னே நான் எழுதலியே?"

"நீங்க எழுதல. நாங்க நிர்ணயம் பண்ணியிருக்கோம்," என்றார் ஆனந்தநடராஜன்.

பிறகு முனைவர் தமிழ்ச்செல்வி எழுந்தார். "இளவரசி பல இடத்துல பெருமூச்சு விடறாங்க. நான் செப்பேடு எல்லாம் பார்த்திருக்கேன். தானம் இருக்கு, எல்லை இருக்கு, வரி இருக்கு. பெருமூச்சு எங்கயும் இல்ல. அப்போ அந்தக் காலத்துல யாரும் விடலைன்னுதான் ஆகுது."

"விட்டிருப்பாங்கம்மா. செப்புல அடிச்சி வெக்கணும்னு தோணியிருக்காது," என்றாள் லோகநாயகி.

"அது உங்க யூகம்."

ஒரே ஒரு பெருமூச்சை மட்டும், மழையில் சளி பிடித்திருக்கலாம் என்ற அடிப்படையில் அனுமதித்தார்கள்.

*

இரண்டாம் நாள் முத்தம்.

அதே பொன்னாடை. அன்றைக்கு அதில் யாரோ சாம்பார் சிந்தியிருந்தார்கள். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கடைசிப் பக்கத்தில் ஏதோ நடப்பதாகச் செயலாளர் சொல்கிறார்," என்றார். அவர் படிக்கவில்லை அல்லவா.

"முத்தம், ஐயா," என்றார் ஆனந்தநடராஜன். சொல்லும்போது பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். "குழாய் வழியாக."

"குழாய் வழியாகவா? நேரில் என்றாலே ஆதாரம் கிடைப்பது கஷ்டம்."

மன்றத்தின் விதிகளில் முத்தத்துக்கு ஒரு பகுதி இருந்தது. அதன்படி ஒவ்வொரு முத்தத்துக்கும் கொடுநர் ஒருவர், பெறுநர் ஒருவர், பெயரோடு பதிவாக வேண்டும். பெறுநர் பெயர் இல்லாதது முத்தம் ஆகாது. ஓசை என்றே கொள்ளப்படும். தலைவர் இதை வாசித்துவிட்டு, விதியை இயற்றியது தானே என்று சேர்த்துச் சொன்னார். "என் சொந்த அனுபவத்தில் இப்படி ஒன்று நேர்ந்ததில்லை. அதனால்தான் நடுநிலையாக எழுத முடிந்தது."

"அது போனாக் கதையே இல்லீங்க," என்றாள் லோகநாயகி. அன்றுவரை அவள் எதற்கும் மல்லுக்கட்டவில்லை. மிளகாயைக் கொடுத்தாள், நிலாவைக் கொடுத்தாள். இப்போது கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். "மத்தது எல்லாத்தையும் எடுத்துக்குங்க. குதிரையக்கூட எடுத்துக்குங்க. இது மட்டும் இருக்கட்டும்."

"ஆதாரம்?" என்றார் ஆனந்தநடராஜன்.

"எனக்குத் தெரியும்."

"தெரியும்ங்கறது ஆதாரம் இல்லம்மா." அவர் குரலில் கோபம் இல்லை. பழகிப்போன வாக்கியத்தைச் சொல்கிற குரல். சொல்லிவிட்டுப் பேனாவின் மூடியை மறுபடி கழற்றி மாட்டினார்.

முனைவர் தமிழ்ச்செல்விதான் வழி சொன்னார். கல்வெட்டு இல்லாவிட்டாலும் செய்முறைச் சான்று ஏற்கலாம். மூங்கில் வழியே முத்தம் போய்ச் சேரும் என்று நிரூபித்துவிட்டால், அந்தக் காலத்திலும் போயிருக்கலாம் என்று கொள்ள இடமிருக்கிறது. தலைவர் மகிழ்ந்துபோனார். "இதுவரை இந்த மன்றம் எதையும் தடுத்துத்தான் இருக்கிறது. முதல்முறையாக ஒன்றைச் செய்யப்போகிறோம்."

*

மூங்கில் குமராட்சியிலிருந்து மினி பஸ்ஸின் தலையில் கட்டி வந்தது. கணுக்களைத் தட்டி, ஒன்றோடு ஒன்றை மாட்டி, மொட்டைமாடியிலிருந்து கீழே சைக்கிள் நிறுத்தும் கொட்டகைவரை இறக்கினார்கள். இணைப்புகளில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்ததைத் தலைவர் பார்த்துவிட்டார். ரப்பர் சோழர் காலத்ததா? அவிழ்த்துவிட்டுத் தேன்மெழுகு அப்பினார்கள். வெயிலில் மெழுகு உருகி எறும்பு ஏறியது. எறும்புக்கு ஆட்சேபம் வரவில்லை. அது தொல்லுயிர் என்று தமிழ்ச்செல்வி சொன்னார்.

பிறகு பெரிய கேள்வி: மேலேயிருந்து முத்தம் கொடுப்பது யார்?

தலைவர் தன் பதவிக்கு அது பொருந்தாது என்றார். தமிழ்ச்செல்வி, கதையில் கொடுநர் ஆண், தான் கொடுத்தால் சோதனை செல்லாது என்றார். கீழே ஜெராக்ஸ் கடைக்காரரைக் கேட்டதற்கு அவர் ஷட்டரை இறக்கிவிட்டார். கடைசியில் எல்லோரும் ஆனந்தநடராஜனைப் பார்த்தார்கள்.

"நானா?"

"பச்சை மை அதிகாரம் உங்களுக்குத்தானே இருக்கிறது," என்றார் தலைவர். "ஒரு முத்தத்துக்கு இதைவிட என்ன அங்கீகாரம் வேண்டும்?"

"பெறுநர் யார்னு போடறது?" என்று தமிழ்ச்செல்வி கேட்டார்.

"சோதனை முடிந்தபிறகு நிரப்பிக்கொள்ளலாம்."

ஆனந்தநடராஜன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, என்ன காரணத்தாலோ, கோவிலுக்குப் போவதுபோல மாடி ஏறினார். உடனிருந்தால் வெட்கப்படுவார் என்று மற்றவர்கள் எதிர்ச் சாலையில், டீக்கடை ஓரம் போய் நின்றார்கள். கொட்டகையில் லோகநாயகி மட்டும். பழைய ஸ்கூட்டர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, மூங்கிலின் வாயைக் காதில் வைத்தாள். வைத்ததும் உடம்பு தானாக நிமிர்ந்தது. இடது கை, இல்லாத பிளக்கைத் தேடி ஒருமுறை காற்றில் போய் வந்தது.

கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். பிறகு மேலேயிருந்து, "ஹலோ. ஹலோ. கேக்கறதா?"

"லைன்ல இருங்க," என்றாள். எத்தனையோ காலம் கழித்து அந்த வார்த்தை அவள் வாயில் வந்தது.

அவளுடைய பதில் மேலே போய்ச் சேர்ந்ததோ என்னவோ. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. தொண்டையைச் செருமும் சத்தம். மறுபடி ஒன்றும் இல்லை. வைத்துவிடலாமா என்று அவள் நினைத்தபோது குரல் வந்தது. சின்னக் குரல், மன்றத்தில் பேசும் குரலே இல்லை.

"அன்னம். நான்தான்."

லோகநாயகி மூங்கிலைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ கதவத் தொறக்க வேண்டாம். உள்ளதான் இருக்கே, தெரியும். தட்டு வரதே. ஆனா நீ சாப்பிட்டியான்னு எனக்குத் தெரியல. தெனம் கேக்கணும்னு கதவுகிட்ட வரேன். அதுக்கும் எதையாவது ஆதாரம் கேட்டுடுவேனோன்னு பயந்துண்டு போயிடறேன்." மறுபடி ஒரு செருமல். "சாப்ட்டியா?"

அதன் பிறகு அது வந்தது. ரொம்பச் சின்னதாக, பழக்கமில்லாதவர் கொடுத்தது. மூங்கிலில் கணுக்கணுவாய் இறங்கி அவள் காதுக்குள் வந்து விழுந்தது. உள்ளே போயிற்று. எவ்வளவு தூரம் போயிற்று என்றால், கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தவள், ஸ்கூட்டர் கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. "திரும்பச் சொல்லுங்க," என்று வாய்வரை வந்துவிட்டது. தன்னுடையது இல்லை என்று அடக்கிக்கொண்டாள்.

கூட்டம் சாலையைக் கடந்து வந்தது. மேலேயிருந்து ஆனந்தநடராஜனும் இறங்கி வந்து, கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். லைனில் யார் இருந்தது என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது போலும்.

"செயலாளரே, அனுப்பினீர்களா?" என்றார் தலைவர்.

"முயற்சி மேற்கொள்ளப்பட்டது," என்றார்.

"அம்மா, வந்து சேர்ந்ததா? கேட்டதை ஆரம்பத்திலிருந்து எழுத்துக்கு எழுத்துச் சொல்லுங்கள். அப்படியே பதிவு செய்வோம். வந்தது என்றால், இன்றே முத்திரை."

தமிழ்ச்செல்வி எழுதத் தயாராக நின்றார். "பெறுநர் பேரையும் சொல்லிடுங்க. இல்லேன்னா உங்க பேரையே போட்டுடறேன்."

லோகநாயகி ஒரு பக்கம் பார்த்தாள்: அவள் முத்தம், மழை, கம்பம், லூர்துசாமி, நூலக அலமாரி. ஒரே வார்த்தையில் எல்லாம் கிடைத்துவிடும். மறுபக்கம் படியில் நின்ற மனிதரைப் பார்த்தாள். வந்தது என்று சொன்னால், ஒன்று அன்னபூரணியின் பெயர் மன்றத்துப் பதிவில் ஏறும், அடுத்த பஸ்ஸில் புதுப்பாளையத்துக்கும் வந்துவிடும். இல்லாவிட்டால் உறுப்பினர் செயலாளர் லோகநாயகிக்கு முத்தம் கொடுத்ததாக ஏறும். அது பஸ்ஸுக்கு முன்னாலேயே வந்துவிடும்.

"ஒண்ணும் கேக்கல சார்," என்றாள்.

"நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்."

"லைன் டெட்."

தலைவருக்கு உள்ளூர நிம்மதிதான். அங்கேயே நின்று ஒரு சிற்றுரை ஆற்றினார். "சோதனை தோற்றது என்று யாரும் வருந்த வேண்டாம். எதுவும் வந்து சேராது என்பதை இந்த மன்றம் இன்று தன் சொந்தச் செலவில் நிரூபித்திருக்கிறது." டீக்கடைக்காரர்கூடக் கைதட்டினார்.

ஆனந்தநடராஜன் கைதட்டவில்லை. செருப்பை மாட்டாமலே நடந்து போய்விட்டார் என்றும், பிறகு வந்து எடுத்துக்கொண்டார் என்றும் கேள்வி.

*

தீர்ப்பு தபாலில் வந்தது. முத்தம் நிராகரிக்கப்படவில்லை, மன்றம் எதையும் முழுசாக நிராகரிப்பதில்லை, அப்படிச் செய்தால் மேல்முறையீடு வந்துவிடும். நிறுத்திவைக்கப்பட்டது. அந்தக் கடைசி வரிகள் இருந்த இடத்தைக் காலியாக விட்டு, நடுவில் 'ஆதாரம் கிடைக்கும்வரை இவ்விடம் நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று அச்சிட வேண்டும். பிரதிகள் நூலகத்துக்குப் போனபின், காலியிடம் காலியாகவே இருக்கிறதா என்று உறுப்பினர் செயலாளர் நேரில் போய்ச் சரிபார்ப்பார்.

"வெத்து எடம் விட்டா கேவலமா இருக்காதாடா?" என்று லோகநாயகி போனில் கேட்டாள்.

"நம்ம ஊர்ல வெத்து எடத்துக்குத்தான்க்கா மதிப்பு. சிதம்பர ரகசியம்னு திரைய வெலக்கிக் காட்டறதே அதானே," என்றான் சபேஷ்.

புத்தகம் வந்தது. ரேகா வாங்கிப் படித்துவிட்டு, கடைசிப் பக்கத்தில் என்னவோ அசிங்கமாக இருந்திருக்க வேண்டும், அதனால்தான் எடுத்துவிட்டார்கள் என்று தெருவுக்குச் சொன்னாள். நன்றாக விற்றது. லோகநாயகி எப்போதும்போல ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றும் வரவில்லை. காபி ஆறிப் போனது. கழற்றி வைத்தாள்.

ஒருநாள் சாயங்காலம், செருப்புத் தைக்கக் கொடுக்கப் போனவள், அப்படியே நூலகத்துக்குள் நுழைந்தாள். லூர்துசாமியின் பெஞ்சில் வேறு யாரோ பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். நூலகர் ஜெயராணி இவளைப் பார்த்ததும் சங்கடமாக எழுந்து வந்தாள்.

"வாங்க மேடம். ஒங்க புக்கு வந்திருச்சி. ஆனா..." என்று அலமாரியிலிருந்து எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். "செதம்பரத்துலேர்ந்து செக் பண்ண ஒரு ஐயா வந்தாரு. ரொம்ப நேரம் இதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவர் போனப்பறம்தான் பாத்தேன். யாரோ கிறுக்கி வெச்சிருக்காங்க. வேற காப்பி மாத்திடட்டுமா?"

காலியிடத்தில் இரண்டே வரி. கோணலில்லாத அலுவலக எழுத்து:

'முத்தம் வந்து சேர்ந்தது. கேட்டவள் யாரிடமும் சொல்லவில்லை. இன்று காலை கதவருகில் கேட்டதற்கு, உள்ளேயிருந்து சாப்ட்டேன் என்று பதில் வந்தது.'

கீழே சுருக்கொப்பம். தேதி.

லோகநாயகி அதைப் படித்தாள். பிறகு, எழுதுகிறவர்களுக்கு இருக்கிற கெட்ட பழக்கம், இரண்டு வரியில் மூன்று வாக்கியத்தை அடக்கியிருக்கிறாரே, பரவாயில்லையே என்று நினைத்தாள்.

"மாத்த வேணாம்."

"கிறுக்கல் மேடம். ரூல் இருக்கு."

"நல்லாப் பாருமா. பச்ச மை. கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு." பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். "இது கிறுக்கல் இல்ல. ஆர்டர்."

ஜெயராணி ஒன்றும் புரியாமல் மேஜைக்குத் திரும்பினாள். லோகநாயகி பெஞ்சின் ஓரத்தில், தூங்குகிறவரின் காலைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். புத்தகம் மடியில் திறந்தே இருந்தது. தலை குனிந்திருந்தது. தோள் இரண்டும் லேசாகக் குலுங்கின. சிரிக்கிறாளா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவிலிருந்து ஒருத்தரும் அங்கே இல்லாமல் போனது பெரிய நஷ்டம்.

நூலகம் மூடும் நேரம் வந்தது. "டைம் ஆச்சு மேடம்" என்று சொல்லத்தான் ஜெயராணி எழுந்து வந்தாள். பக்கத்தில் வந்தவள், என்ன நினைத்தாளோ, சொல்லவில்லை. மேலே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை மட்டும் ஒரு புள்ளி கூட்டி வைத்துவிட்டுப் போனாள்.